பொக்லைன் புகைக்கும் கணக்கு வேண்டும்



சென்னையின் காற்று மாசு என்றதும் பேருந்தையும் லாரியையும்தான் எண்ணுகிறோம். அம்பத்தூர் தொழிற்பேட்டையின் டீசல் ஃபோர்க்லிஃப்ட், மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் மெட்ரோ பணிக்கு வந்த கிரேன், ஆவடி மனைப்பிரிவுகளில் மண் வெட்டும் பொக்லைன் ஆகியவையும் புகை கக்குகின்றன. ஒரே இடத்தில் நின்று வேலை செய்வதால், சாலையில் வாகனங்களை எண்ணும் கணக்கெடுப்பில் இவை சிக்குவதில்லை.

இந்தப் புகையை மதிப்பிட வழி உண்டு. இயந்திரங்களின் எண்ணிக்கை, எஞ்சின் திறன், அதில் சராசரியாகப் பயன்படும் பங்கு, ஓடும் நேரம், ஒரு கிலோவாட்-மணிக்கு வெளியாகும் மாசு ஆகிய ஐந்தையும் பெருக்க வேண்டும்.

தயாரான காலத்து விதியைப் பொறுத்துப் புகை மாறுவதால், இதில் வண்டியின் வயது மிக முக்கியம். 37 முதல் 75 கிலோவாட் வரையிலான கட்டுமான வாகன எஞ்சின்களுக்கு, இந்தியாவின் 2011 புகை விதி ஒரு கிலோவாட்-மணிக்கு 0.4 கிராம் துகள் மாசை அனுமதித்தது. 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதி அதை 0.025 கிராமாகக் குறைத்தது. 50 கிலோவாட் எஞ்சின் பாதிச் சுமையில் 8 மணி நேரம் உழைத்தால், பழைய வரம்பில் 80 கிராம். 2021 வரம்பில் 5 கிராம். பதினாறு மடங்கு வேறுபாடு!

டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே அறிவித்துவிட்டது. எனவே இயந்திரத்தின் தயாரிப்பு ஆண்டு, திறன், ஓடிய நேரம், டீசல் செலவு ஆகியவற்றை ஒப்பந்ததாரர்கள் மாதந்தோறும் தருவதை அரசு டெண்டர்களில் நிபந்தனையாக்க வேண்டும். அந்தக் கணக்கைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வட்டார வாரியாக வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஆவடி வாசகர்