கோப்பு யாருடையது?

சாட்ஜிபிடி, டீப்சீக் முதலிய செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை அலுவலகக் கணினிகளில் பயன்படுத்துவதைத் தவிர்க்க வேண்டும் என்று இந்திய நிதியமைச்சகம் 2025 ஜனவரி 29 தேதியிட்ட சுற்றறிக்கையில் தன் ஊழியர்களுக்கு அறிவுறுத்தியது. அரசு ஆவணங்களின் ரகசியத்துக்கு ஆபத்து என்பது காரணம். இதைத் தேசபக்தி என்று கொண்டாடுவோர் உண்டு. கற்காலத்துக்குத் திரும்புகிறோம் என்று எள்ளுவோரும் உண்டு. இரு சாராரும் அந்தச் சுற்றறிக்கையைச் சரியாக வாசிக்கவில்லை என்பேன்.

அமெரிக்கச் சரக்கும் சீனச் சரக்கும் அதில் ஒரே வரியில் நிறுத்தப்பட்டிருந்தன. ஆறு நாள் கழித்து, பிப்ரவரி 4 அன்று, ஆஸ்திரேலியா தன் அரசுக் கணினிகளிலிருந்து டீப்சீக்கை மட்டும் விலக்கியது. சீனாவின் 2017 தேசியப் புலனாய்வுச் சட்டம் அந்நாட்டு நிறுவனங்களை உளவுப் பணிக்கு ஒத்துழைக்கக் கடமைப்படுத்துகிறது. ஆகவே அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் அமெரிக்காவின் 2018 கிளவுட் சட்டப்படி, அந்நாட்டு நிறுவனம் தரவை எந்த நாட்டில் வைத்திருந்தாலும் உரிய ஆணை வந்தால் ஒப்படைத்தாக வேண்டும். இரண்டும் ஒன்றல்ல, அங்கே நீதிமன்றம் ஒன்று நடுவில் நிற்கிறது என்பீர்கள். நிற்கட்டும். ஓய்வூதியம் கேட்டு மனுப் போட்ட நம்மூர்க் கிழவி அந்த நீதிமன்றத்துக்கு எந்த வழியாகப் போவாள்?

ஒட்டுக்கேட்பது மட்டுமே ஆபத்து என்பதும் பாதி உண்மைதான். குஜராத்தில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி மீது 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. ரஷ்யாவின் ராஸ்நெஃப்ட் அதில் பங்குதாரர். உடனே அந்நிறுவனத்துக்கு மைக்ரோசாஃப்ட் தன் மின்னஞ்சல் சேவையை நிறுத்தியது. இந்தியச் சட்டம் எதையும் நயாரா மீறியிருக்கவில்லை. தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்ட பிறகே சேவை திரும்பியது. எண்ணெய் நிறுவனத்துக்கு வழக்கறிஞர் கிடைத்தார். கருவூலத்துக்கு இது நேர்ந்தால், ஓய்வூதியப் பட்டியல் எத்தனை நாள் காத்திருக்கும்?

ஆகவே தடை சரி. ஆனால் அரைகுறை. சுற்றறிக்கை அலுவலகக் கருவிகளோடு நின்றுவிட்டது. குமாஸ்தாவின் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசி அதற்கு வெளியே. மாலை ஐந்து மணிக்கு நாற்பது பக்க மனுவை நீட்டி, காலைக்குள் சுருக்கம் வேண்டும் என்கிறார் மேலதிகாரி. அவர் என்ன செய்வார்? பக்கம் பக்கமாகப் படம் எடுப்பார், கைப்பேசியில் ஏற்றுவார். நிலத்தகராறு, நோய், மகளின் சாதிச் சான்றிதழ் எல்லாம் அதோடு போகும். அந்த மனுவை எழுதியவர் எவரும் இதற்குச் சம்மதிக்கவில்லை. அவரைக் கேட்க வேண்டும் என்று நம் அலுவலகங்களில் யாருக்கும் தோன்றியதுமில்லை. (குமாஸ்தாவை நான் குற்றம் சொல்லவில்லை, நானும் அதையே செய்திருப்பேன்.)

சுற்றறிக்கைக்கு மறுநாளே, டீப்சீக்கை இந்தியக் கணினிகளில் நிறுவப்போவதாகத் தகவல் தொழில்நுட்ப அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் அறிவித்தார். முரண்பாடு என்று சிரித்தவர்கள் அவசரப்பட்டார்கள். டீப்சீக்கின் மாதிரியை எவரும் இறக்கிக்கொண்டு தம் கணினியில் ஓட்டலாம். அப்படி ஓட்டினால் மனு பெய்ஜிங்குக்கும் போகாது, கலிபோர்னியாவுக்கும் போகாது. மூளை எந்த நாட்டில் பிறந்தது என்பதல்ல, கடிதம் எந்த அறையில் படிக்கப்படுகிறது என்பதே கேள்வி. அப்படியோர் அறையைக் கட்டி, அதன் சாவியை அந்த ஐந்து மணிக் குமாஸ்தாவின் மேசையில் வைக்காதவரை, அவர் கை கைப்பேசிக்குத்தான் போகும்.