லண்டன் வோக்கி, கொழும்புச் சட்டம்

வெள்ளவத்தையில் ஓகஸ்ட் மாதத்துக் கலியாண வீடென்றால் மூன்று கண்டங்களும் ஒரே தொடர்மாடியில் வந்து இறங்கிவிடும். லண்டன் மாமா, ரொறன்ரோ சித்தப்பா, சிட்னி பெரியம்மா. மண்டபத்துக்கும் வீட்டுக்கும் ஓடித் திரியும் பெடியளுக்கு உதவுமே என்று ஆளுக்கொரு சோடி வோக்கி டோக்கி கொண்டுவந்தால் என்ன நடக்கும்? லண்டன் சோடி 446 மெகாஹேர்ட்ஸில் பேசும். ரொறன்ரோ சோடிக்கு 462, 467. சிட்னி சோடிக்கு 476, 477. மூன்றுமே அந்தந்த நாட்டில் தனி அனுமதிப்பத்திரம் எடுக்காமல் பாவிக்கக்கூடியவை. ஆனால் ஆறு கருவிகளும் ஒரே மேசையில் கிடந்தாலும், ஒரு சோடி சொல்வது மற்றச் சோடியின் காதில் விழாது.

கொழும்பில் இவற்றைப் பாவிக்கலாமா என்பது இன்னொரு கேள்வி. அதை யாரும் கேட்பதில்லை.

'அனுமதிப்பத்திரம் தேவையில்லை' என்பது கருவியின் குணமல்ல. ஒரு நாடு தன் எல்லைக்குள் கொடுக்கும் சலுகை. இலங்கையில் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் பொது விதி நேர்மாறானது. வானொலி அலையைப் பாவிக்க அனுமதி வேண்டும். கருவியை இறக்குமதி செய்வதும் விற்பதும்கூட தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் கண்காணிப்புக்குள்தான் வரும். விலக்கு இருந்தால் அதை அறிவிக்க வேண்டியது ஆணைக்குழுவே தவிர, பெட்டியை அச்சடித்த வெளிநாட்டு நிறுவனமல்ல.

இது வெறும் கடதாசிச் சட்டமென்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் உணவகங்களும் பாடசாலைகளும் விரும்பி வாங்கும் மோட்டோரோலாவின் டி.டி.ஆர். வகையை எடுத்துக்கொள்ளுங்கள். முழு டிஜிட்டல், தெளிவான குரல். அலைவரிசை விட்டு அலைவரிசை தாவிக்கொண்டே இருப்பதால் பக்கத்துக் கடைக்காரரின் பேச்சு குறுக்கே வராது. அது ஓடும் இடம் 902 முதல் 928 மெகாஹேர்ட்ஸ் வரை. அமெரிக்கக் கண்டங்களில் அந்தத் துண்டு பொதுப் பாவனைக்கென்று விடப்பட்டது. இங்கேயோ ஜி.எஸ்.எம். 900 முறையில் நமது கைத்தொலைபேசிகள் கோபுரத்தை நோக்கிப் பேசும் வரிசை 890 முதல் 915 வரை. கோபுரம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் அதே இடத்தில்தான் அந்த வோக்கியும் தாவித் தாவிப் பேசும். காலி வீதியில் யாரோ ஒருவரின் அவசர அழைப்பை அது குழப்பினால், வோக்கியைப் பிடித்திருப்பவருக்கு அது தெரியவே வராது.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பாவ்ஃபெங் யூ.வி.-5ஆர். போன்றவை இன்னும் சிக்கலானவை. 136 முதல் 174 மெகாஹேர்ட்ஸ் வரை எதற்கும் திருப்பலாம். அந்த எல்லைக்குள்தான் கடலில் ஆபத்துக்கு உள்ளாகும் படகுகள் உதவி கேட்கும் 156.8உம் இருக்கிறது. மரைன் டிரைவில் நின்று ஒரு சிறுவன் விளையாட்டாகப் பொத்தானை அழுத்தினால் அது கடலுக்குள் போகும்.

சட்டம் ஒருபுறமிருக்க, டிஜிட்டலா பழைய அனலொக்கா என்ற கேள்விக்கும் விற்பனையாளர்கள் சொல்வதைவிடக் கவனமான பதில் வேண்டும். மயூராபதி அம்மன் கோவில் தேர் போன்ற ஒரு கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு தொண்டர் வடத்துக்குப் பக்கத்தில், இன்னொருவர் சந்தியில். "அண்ணை, தேர் திரும்புது, பஸ்ஸை மறியுங்கோ." அனலொக் வோக்கியில் தூரம் கூடக்கூட இரைச்சலும் கூடும், ஆனாலும் அந்த இரைச்சலுக்குள் 'பஸ்' என்ற சொல்லாவது பிடிபடும். டிஜிட்டலில் கடைசி எல்லை வரைக்கும் குரல் மணி மாதிரிக் கேட்கும். எல்லையைத் தாண்டினால் ஒன்றுமே இல்லை. டிஜிட்டல் முறை மனிதப் பேச்சை அளந்து சுருக்கி அனுப்புகிறது. பக்கத்தில் தவில் அடிக்கும்போது எது பேச்சு, எது தவில் என்று அது தடுமாறும். சொல் குழைந்து போகும். நல்ல கருவிகளில் இரைச்சலைக் குறைக்கும் வசதி உண்டென்றாலும், தேர்த்திருவிழா இரைச்சல் சாதாரண இரைச்சலல்ல.

துணிக்கடைக்கு நிலைமை வேறு. கீழே கல்லாவிலிருந்து மூன்றாம் மாடிக் களஞ்சியத்துக்கு நிறமும் அளவும் விலையும் சொல்ல வேண்டும். 'அறுபதா, எழுபதா' என்று இரண்டு தரம் கேட்க நேரமில்லை. அங்கே டிஜிட்டல் கொடுத்த காசுக்கு உழைக்கும். ஒன்றை மட்டும் பார்க்க வேண்டும்: டி.எம்.ஆர்., டி.பி.எம்.ஆர். என வெவ்வேறு டிஜிட்டல் முறைகள் உள்ளன. ஒன்றின் பேச்சு மற்றதுக்குப் புரியாது. இன்று நாலு, அடுத்த வருடம் வேறு கம்பனியில் நாலு என்று வாங்கினால் கடைக்குள்ளேயே இரண்டு ஊர் உருவாகிவிடும்.

பெட்டியிலுள்ள 'பத்துக் கிலோமீட்டர்' கணக்கு மறைப்பில்லாத வெளிக்கானது. அரை வோட்ஸ் வலுவுள்ள கருவிக்கு நகரத்தில் தூரத்தைவிடச் சுவர்தான் எதிரி. கொட்டாஞ்சேனைப் பக்கம் வந்து, சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் திருப்பிக் கட்டுவித்த பொன்னம்பலவாணேஸ்வரர் கோவிலுக்குள் ஒருவரும் வெளி வீதியில் ஒருவரும் நின்று பேசிப் பார்த்தால் அந்தக் கணக்கின் பெறுமதி விளங்கும்.

இந்த விடயத்தில் தெளிவு வேண்டுமென்று தமிழர் கேட்பதற்குத் தனிக் காரணமும் உண்டு. 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியா போன்ற இடங்களுக்கு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்துத்தான் அது நின்றது. அந்தக் காலத்தில் ஒரு தமிழ் இளைஞனின் பையில் வோக்கி அகப்பட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது அந்தத் தலைமுறைக்குத் தெரியும். 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்த பிறகு, பையைத் திறந்து காட்டுவது மறுபடி வழமையானது. லண்டனில் பிறந்த பிள்ளைக்கு இது எதுவும் தெரியாது. அந்தப் பிள்ளையின் கையிலிருப்பது விளையாட்டுச் சாமானா, குற்றமா என்பது சோதனைக்கு நிற்கும் அதிகாரியின் மனநிலையைப் பொறுத்ததாக இருக்கக்கூடாது.

இந்தியா இரண்டு காரியங்கள் செய்தது. 2018இல் 446.0 முதல் 446.2 மெகாஹேர்ட்ஸ் வரையான சிறு துண்டில், குறைந்த வலுவுள்ள கருவிகளுக்கு அனுமதிப்பத்திரத்திலிருந்து விலக்குக் கொடுத்தது. 2025இல், இணையத்தில் வோக்கி விற்பவர்கள் அதன் அலைவரிசையையும் அனுமதி தேவையா இல்லையா என்பதையும் வெளிப்படையாகக் காட்ட வேண்டுமென்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் ஊடாக வழிகாட்டல் கொண்டுவந்தது. இரண்டாவது வேலைக்கு இங்கே புதுச் சட்டம் தேவையென்று தோன்றவில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, ஆணைக்குழு இருக்கிறது. சாதாரண சனத்தின் அரை வோட்ஸ் பாவனைக்கு எந்தத் துண்டு, எந்த வகைக் கருவி என்பதை மூன்று மொழிகளிலும் ஒரு பக்கத்தில் எழுதி, விற்கும் கடையில் தொங்கவிடச் செய்யலாம். விமான நிலையச் சுங்கத்திலும் அதே பக்கம் இருக்க வேண்டும்.

டித்வா புயலுக்குப் பிறகு 'அவசரத்துக்கு வீட்டில் ஒரு சோடி இருக்கட்டும்' என்ற பேச்சும் கேட்கிறது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அரை வோட்ஸ் வோக்கி வெள்ளவத்தையிலிருந்து கண்டிக்குப் பேசாது. 2004 ஆழிப்பேரலையில் தொலைபேசி செத்தபோது அம்பாந்தோட்டையைக் கொழும்புடன் இணைத்தவர்கள் இலங்கை வானொலிச் சங்கத்தின் அமெச்சூர் வானொலியாளர்கள். அப்போதைய தலைவர் விக்டர் குணதிலக்க. பரீட்சை எழுதி, அனுமதி பெற்று, 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக் குறியோடு வருடக்கணக்காகப் பழகியவர்கள் அவர்கள். அவசரத்தைப் பற்றி உண்மையாகவே யோசிக்கும் பெடியளுக்கு அந்தப் பரீட்சையைக் காட்டிவிடலாம்.

கடைக்கும் கோவிலுக்கும் வாங்க நினைப்பவர்கள் காசு கொடுக்க முன் அலைவரிசையையும் ஆணைக்குழுவின் அனுமதியையும் எழுத்தில் கேட்க வேண்டும். முறையான விற்பனையாளர் அதற்கு முகம் சுளிக்கமாட்டார். பிறகு ஒரு சோடியை வாடகைக்கு எடுத்து, கடை நிரம்பி வழியும் சனிக்கிழமை பின்னேரத்தில் ஒருவரைக் களஞ்சியத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நிற்கச் சொல்லி, கல்லாவிலிருந்து ஒரு விலையை ஒரே தரம் சொல்லிப் பார்க்கலாம்.