முதல் சிங்கிளை முடிவு செய்வது யார்?

ஒரு ஆல்பத்தில் எந்தப் பாட்டு முதலில் வெளியே வருகிறது, எந்தத் தேதியில் வருகிறது, முகப்புப் படத்தில் யார் முகம் இருக்கிறது என்பதெல்லாம் ரசனை சார்ந்த விசயம் என்று நம்புகிற தோழர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது ரசனை இல்லை தோழர்களே, அதிகாரம். ஊர்த் தேர் எந்தத் தெருவுக்குள் முதலில் நுழையும், எந்தத் தெருவுக்குள் நுழையவே நுழையாது என்று யாரோ உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள் இல்லையா, அதே முடிவுதான் இது. அரியலூர், பெரம்பலூர் பக்கம் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முதலில் இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடுவோம். 2015 ஜூலையிலிருந்து இசை நிறுவனங்களுக்கு உலகம் முழுக்க வெள்ளிக்கிழமைதான் வெளியீட்டு நாள். ஸ்பாட்டிஃபையின் ஆசிரியர் குழு தொகுக்கும் பட்டியலில் இடம் கேட்க வேண்டுமென்றால் குறைந்தது 7 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அதுவும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாட்டுக்குத்தான். கேட்பவர் 30 நொடி தாண்டினால்தான் ஒரு கணக்கு. 2024 முதல், 12 மாதத்தில் 1000 முறை கேட்கப்படாத பாட்டுக்குப் பைசா கிடையாது. ஆகவே 30 நொடிக்குள் இழுக்கிற பாட்டு, ரீல்ஸுக்கு ஆட வசதியான பாட்டு, யாரையும் முகம் சுளிக்க வைக்காத பாட்டு முதலில் வரும். சாதியின் பெயரைச் சொல்லிப் பேசுகிற பாட்டு எட்டாவது இடத்தில் கிடக்கும். கேட்டால், "ஆல்பத்தில் இருக்கிறதே, யார் தடுத்தார்கள்?" என்பார்கள். சேரியும் ஊரின் வரைபடத்தில் இருக்கத்தான் செய்கிறது.

இந்த வரிசையை மாற்றிப் போட முடியாதா என்றால், முடியும். 'கர்ணன்' செய்து காட்டியது. தனுஷ் படத்துக்கு முதல் சிங்கிள் என்றால் நாயகன் ஆடிப் பாடும் பாட்டு என்பதே சந்தையின் கணக்கு. 2021 பிப்ரவரியில் வந்ததோ 'கண்டா வரச்சொல்லுங்க'. மாரி செல்வராஜ் வரிகள், சந்தோஷ் நாராயணனோடு நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளின் குரல். படம் ஏப்ரல் 9 அன்று வருவதற்குள் அந்தக் குரல் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டாவது சிங்கிள் 'பண்டாரத்தி புராணம்'. உடனே ஒரு சமூகத்தை இழிவுபடுத்துவதாக எதிர்ப்பு, மதுரைக் கிளையில் வழக்கு. பெயர் 'மஞ்சனத்தி' ஆனது. இதே பாட்டு படத்துக்குள் மட்டும் வந்திருந்தால் இவ்வளவு சத்தம் எழுந்திருக்குமா என்பது என் சந்தேகம். சிங்கிளாக வந்தால்தான் ஊர் திரும்பிப் பார்க்கிறது. அதனால்தான் அந்த இடத்துக்கு இத்தனை காவல்.

அதே 2021 மார்ச் 7. 'என்ஜாயி எஞ்சாமி', மாஜா நிறுவன வெளியீடு. ஆல்பமே இல்லை, ஒற்றைச் சிங்கிள். பெயர்ப் பட்டியலைப் பாருங்கள்: "தீ", அதற்குப் பின்னால் "ஃபீச்சரிங் அறிவு". எழுதியவன், பாட்டி வள்ளியம்மாளின் தேயிலைத் தோட்ட வாழ்வைச் சொல்லுக்குள் கொண்டு வந்தவன், "உடன்" ஆனான். ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகுதான் அறிவுக்கென்று இணைய அட்டை ஒன்று வந்தது. 2022 ஜூலை 28, சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பாட்டு மேடையேறியது, அறிவு அங்கே இல்லை. தீயின் திறமையில் எனக்குக் குறை இல்லை, மேடையில் அவரோடு நின்ற மாரியம்மாள் மீதும் இல்லை. கேள்வி, அந்த "ஃபீச்சரிங்" என்கிற ஒற்றைச் சொல்லை எழுதிய கையைப் பற்றியது. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே வந்து, இந்தப் பாட்டில் எங்கள் யாருக்கும் வருமானம் வரவில்லை என்றார். கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டு! காசு விசயத்தில் மட்டும் எல்லாரும் "உடன்" ஆகிவிட்டார்கள்.

நம்மாள் முதலாளி ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கு ஒரு அமெரிக்கக் கதை. மோட்டவுன் நிறுவனத்தை நடத்திய பெர்ரி கார்டி கறுப்பினத்தவர். மார்வின் கே, போரையும் போலீஸ் தடியையும் பேசும் 'வாட்ஸ் கோயிங் ஆன்' பாட்டைக் கொண்டுபோனபோது, இது விற்காது என்று தடுத்தவரும் அவர்தான். இதை வெளியிடாமல் வேறு எதையும் பதிவு செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார் மார்வின். 1971 ஜனவரியில் சிங்கிளாக வந்து அமெரிக்கப் பட்டியலில் 2ஆம் இடம் வரை போனது. அதற்குப் பிறகுதான், மே மாதம், ஆல்பம். பாட்டை நிறுத்தி வைக்கும் துணிச்சல் இருந்ததால் நடந்தது அது.

நம் பக்கம் வருவோம். செந்துறை, குன்னம், ஜெயங்கொண்டம் பக்கத்தில் பறையும் ராப்பும் சேர்த்துப் பாட்டு போடும் பையன்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குழுவிடம், பெயர் வேண்டாம், ஒரு நிறுவனம் சொன்னது: "முதல்ல லவ் சாங் விடுவோம் தம்பி, ரீச் வரட்டும், அப்புறம் உங்க அரசியலைப் பார்த்துக்கலாம்." லவ் சாங் வந்தது. அந்த "அப்புறம்" இன்னும் வரவில்லை. இத்தனைக்கும் இங்கே காதல் பாட்டே அரசியல்தான், சாதி மாறிக் காதலித்தால் என்ன நடக்கும் என்பது இந்த மாவட்டங்களுக்குத் தெரியும். ஆனால் அவர்கள் கேட்ட லவ் சாங்கில் ஊரும் இல்லை, தெருவும் இல்லை.

நாம் செய்யும் கூத்தும் உண்டு. ஏப்ரல் 14 அன்று எல்லாக் குழுவும் ஒரே நாளில் பாட்டை இறக்கிவிட்டு, ஒன்றையொன்று மூழ்கடித்துக்கொள்கிறோம். செப்டம்பர் 1 என்ன நாள் என்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? 2017இல், 1200க்கு 1176 எடுத்த குழுமூர் அனிதா நம்மை விட்டுப் போன நாள். இறந்த நாளை வெளியீட்டுத் தேதி ஆக்குவதும் விளம்பரம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விளம்பர வருமானத்தை அணைத்துவிட்டு வெளியிடுங்கள், கேள்வி தீர்ந்தது.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், தம்பிகளே, தங்கச்சிகளே, நான்கு விசயத்தை எழுத்தில் கேளுங்கள்: முதல் பாட்டு எது, தேதி எது, பெயர் எந்த வரிசையில், முகப்பில் யார் முகம். "அதெல்லாம் மார்க்கெட்டிங் டீம் பார்த்துக்கும்" என்றால் ஒப்பந்தத்தை மடித்து அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். வெள்ளிக்கிழமை அவர்களுக்கு. நம் பாட்டு வியாழக்கிழமை இரவே நம் தெரு ஸ்பீக்கரில் ஒலிக்கட்டும், அதற்கு எவன் 7 நாள் முன்னறிவிப்பு கேட்கிறான் பார்ப்போம்.