சுபேதார்களை எங்கிருந்து கொண்டுவருவார்கள்?

படைகளுக்கு ஆளெடுக்கும் அக்னிபாத் திட்டம் அதிகாரி நிலைக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டுமே என்று 2022 ஜூன் 14 அன்றே அரசு சொல்லிவிட்டது. அக்னிவீரர் என்ற பெயரில் சேரும் ஜவானுக்கு நான்கு ஆண்டுகள். பயிற்சிக் காலமும் அதற்குள் அடக்கம். முடிவில் நூற்றுக்கு 25 பேர் வரை தங்கலாம், மற்றவர்கள் ஓய்வூதியமின்றி வீடு திரும்ப வேண்டும். அதிகாரிகளின் பணிக்காலத்தில் ஒரு நாள்கூடக் குறையவில்லை. இது அநீதி என்று பலரும் எழுதிவிட்டார்கள். நமது ராணுவம் எதன்மேல் நிற்கிறது என்பதையே எண்ணிப் பார்க்காமல் எடுத்த முடிவு இது என்பதைத்தான் நாம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2024 அக்டோபர் நிலவரப்படி தரைப்படையில் இருந்த அதிகாரிகள் 42,095 பேர். இருக்க வேண்டியவர்கள் 50,538. அவர்களுக்குக் கீழே இருந்தவர்கள் 11,05,110. அதாவது ஓர் அதிகாரிக்கு 26 பேர். அமெரிக்கப் படைகளில் நான்கைந்து பேருக்கு ஓர் அதிகாரி இருக்கிறார். இத்தனை குறைவான அதிகாரிகளை வைத்துக்கொண்டு பனிமலையிலும் பாலைவனத்திலும் நம் படை காரியம் சாதிக்கிறது என்றால், அதற்குக் காரணம் நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்ற மூன்று படிநிலைகள்தான்.

அமெரிக்கப் படையில் முப்பது சொச்சம் பேர் கொண்ட ஒரு பிளாட்டூனை நடத்துபவர், கல்லூரி முடித்து வந்த இளம் லெப்டினன்ட். நம் படையில் பெரும்பாலும் நாயப் சுபேதாரோ சுபேதாரோதான் அதை நடத்துகிறார். சிப்பாயாகச் சேர்ந்து, நாயக், ஹவில்தார் என்று ஏறி, பதினெட்டு இருபது ஆண்டுகளில் அந்த இடத்துக்கு வந்தவர் அவர். இரவுக் காவல் முடிந்து வரும் பையனின் காலுறையைக் கழற்றச் சொல்லி, பனியில் விரல் கறுத்திருக்கிறதா என்று பார்ப்பவர் அவர்தான். எந்தப் பையனின் வீட்டில் என்ன கவலை, எவன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். புதிதாக வந்த லெப்டினன்ட்டுக்கு, மரியாதை குறையாமல், வேலை கற்றுக்கொடுப்பவரும் அவரே.

1987 ஜூனில் சியாச்சினில் 21,000 அடிக்கு மேலிருந்த பாகிஸ்தான் நிலையைச் சிறு குழுவுடன் ஏறிக் கைப்பற்றினார் பாணா சிங். அப்போது அவர் நாயப் சுபேதார். படையில் சேர்ந்தது 1969-இல். அந்தப் பதினெட்டு ஆண்டுகளை நான்காகச் சுருக்கிவிட்டு, அப்படியொருவரை எந்த முகாமில் தயாரிப்பார்கள்? நாற்றங்காலை அழித்துவிட்டு விளைச்சலை எதிர்பார்க்க முடியாது.

இதுவரை, சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பதினைந்து ஆண்டாவது இருந்தார்கள். நல்ல ஹவில்தாரை அந்தப் பெருங்கூட்டத்திலிருந்து காலம் பொறுக்கி எடுத்தது. இனி நான்காவது ஆண்டிலேயே, பெரும்பாலும் இருபத்தைந்து வயதுகூட நிரம்பாதவர்களில் முக்கால் பங்கைக் கழித்துக்கட்ட வேண்டும். தங்கப்போவது நால்வரில் ஒருவர்தான் என்று தெரிந்த பிளாட்டூனில், பக்கத்தில் நிற்பவன் தோழனா, போட்டியாளனா?

படை இளமையாக வேண்டும் என்கிறார்கள். கார்கில் மறுஆய்வுக் குழுவே சொன்னது என்று சான்றும் காட்டுகிறார்கள். அந்தக் குழு சொன்னது ஏழு முதல் பத்து ஆண்டுப் பணி. அதன்பின் துணை ராணுவப் படைகளுக்கு மாற்றம். பரிந்துரையில் செலவைக் குறைக்கும் பாதியை எடுத்துக்கொண்டு, மனிதனைக் காக்கும் பாதியை விட்டுவிட்டார்கள்.

கீழே இருப்பவனை வெட்டுவது இந்த அரசுக்குப் புதிதல்ல. கொரோனாவைக் காட்டி 2020-21, 2021-22 ஆகிய இரண்டு ஆண்டுகள் ஒரு ஜவானைக்கூடத் தரைப்படைக்கு எடுக்கவில்லை. ஆனால் அதே காலத்தில் டேராடூனிலும் பரங்கிமலையிலும் அதிகாரிகளின் பயிற்சி நிறைவு அணிவகுப்புகள் நடந்தன. விடியற்காலையில் ஓடி, உடல்தகுதித் தேர்விலும் மருத்துவச் சோதனையிலும் தேறி, எழுத்துத் தேர்வுக்காகக் காத்துக் கிடந்த பையன்களிடம், எல்லாம் ரத்து, அக்னிவீரர்களாகப் புதிதாக விண்ணப்பியுங்கள் என்று சொன்னார்கள். வயது வரம்பை அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் 23 ஆக்கினார்கள். அதுவும் போராட்டங்களில் ரயில்கள் எரிந்த பிறகு.

ராணுவ சேவை ஊதியத்தில் செய்தது இன்னும் மோசம். ஏழாவது ஊதியக் குழுவின்படி அதிகாரிக்கு மாதம் 15,500 ரூபாய், சுபேதாருக்கு 5,200. நேற்றுச் சேர்ந்த சிப்பாய்க்கும் அதே 5,200. இதைத் திருத்துங்கள் என்று படைத் தலைமையே கேட்டது. 2018 இறுதியில் நிதித் துறை மறுத்துவிட்டது. அரசிதழ்ப் பதிவு பெற்ற நிலையில் இருப்பவர், பிளாட்டூனையே நடத்துபவர், ஆபத்துக்கான ஊதியத்தில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு மனிதராகிவிடுகிறார்.  கத்தரிக்கோல் ஒவ்வொரு முறையும் கீழே இருப்பவன் மேல்தான் பாய்ந்தது.

அக்னிவீரர்களின் முதல் அணி தரைப்படைக்குள் வந்தது 2022 டிசம்பரிலும் 2023 ஜனவரியிலும். அவர்களின் நான்கு ஆண்டுகள் 2026 இறுதியில் முடியத் தொடங்குகின்றன. 25 விழுக்காடு என்ற வரம்பை அதற்குள் தூக்கியெறிய வேண்டும். எத்தனை பேர், எத்தனை ஆண்டுகள் என்பதை டெல்லியின் கணக்காளர்களிடம் விடாமல், பிளாட்டூன்களை நடத்திய சுபேதார்களை அழைத்து உட்காரவைத்துக் கேட்கட்டும். பணமில்லை என்ற பதிலை இந்த முறை நாம் ஏற்கப்போவதில்லை.