பட்டாளச் சீட்டும் பதவி நாற்காலியும்

சாத்தூரில் கூட்டம் முடிந்து பேருந்துக்குக் காத்திருந்தோம். தேநீர்க் கடை பெஞ்சில் நம் அருகே இருந்தவர் பதினேழு ஆண்டுகள் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர். இப்போது ஒரு தீப்பெட்டி ஆலையில் இரவுக் காவல். தேநீரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கிடாதீக. எங்கள சண்டைக்கு அனுப்புற மந்திரிமாரு எத்தன பேரு சண்டையப் பாத்திருக்காக? துப்பாக்கி பிடிக்காதவனுக்குப் பதவி கிடையாதுன்னு ஒரு சட்டம் போட்டா என்ன?"

சுற்றியிருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். நாம் பதில் சொல்லத் தொடங்கினோம், பேருந்து வந்துவிட்டது. சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்று. கேட்டவர் வீம்புக்குக் கேட்கவில்லை. பனிமலையில் நின்ற கால்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை உண்டு. மாளிகையில் இருப்பவர் "போர்!" என்று முழங்குவதும், மண் குடிசையில் இருப்பவர் மகனை அனுப்பிவிட்டுக் கடிதத்துக்குக் காத்திருப்பதும் எந்த நாட்டு நியாயம்? அந்தக் கோபத்தில் பழுதில்லை. மருந்தில்தான் பழுது இருக்கிறது.

டில்லியிலும் இதை ஒட்டிய யோசனை ஒன்று எழுந்ததுண்டு. அரசுப் பணியில் அதிகாரியாக நேரே சேர விரும்புவோர் ஐந்தாண்டு படைப்பணி செய்திருக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தின் பாதுகாப்புத் துறை நிலைக்குழு 2018இல் பரிந்துரை செய்தது. இன்று அதிகாரிக்கு, நாளை அமைச்சருக்கு ஏன் கூடாது என்று கேட்பவர்கள் வருவார்கள். ஆகவே எண்ணிப் பார்ப்போம்.

அரசியல் சட்டம் என்ன கேட்கிறது? சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் நிற்பவர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 25 வயது நிரம்பியிருக்க வேண்டும். படிப்பைக் கேட்கவில்லை, பணத்தைக் கேட்கவில்லை, துப்பாக்கியையும் கேட்கவில்லை. முப்படைகளின் தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் தந்தபோதுகூட, நீ எந்தப் படையில் இருந்தாய் என்று அவரைக் கேட்கவில்லை. மறந்துபோய் விட்ட ஓட்டை அல்ல இது. தெரிந்தே திறந்து வைத்த கதவு.

சாத்தூர்த் தோழர்களுக்கு இதை விளக்கத் தொலைதூரம் போக வேண்டாம். 1957இலும் 1962இலும் இந்தத் தொகுதி சட்டமன்றத்துக்கு அனுப்பியது காமராசரை. அவரை மேடைக்கு மேடை எதிர்த்த இயக்கம் நம்முடையது. ஆயினும் உண்மையை உண்மை என்று சொல்லத் தயங்கோம். அவர் பள்ளிப் படிப்பை முடித்தவரல்லர், பட்டாளம் கண்டவரல்லர், கண்டதெல்லாம் சிறைச்சாலை. 1964இல் நேரு மறைந்தபோது, காங்கிரசுத் தலைவராக இருந்த அவர்தான் லால் பகதூர் சாஸ்திரியைப் பிரதமராக்க முன்நின்றார். சாஸ்திரிக்கும் படைவீடு தெரியாது, சிறைவீடுதான் தெரியும்.

மறு ஆண்டே, 1965இல், போர் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் யார்? அயூப்கான். 1958இல் ஆட்சியைக் கைப்பற்றி, மறு ஆண்டே பீல்டு மார்ஷல் பட்டமும் சூடிக்கொண்டவர். இந்தப் பக்கம் வேட்டி கட்டிய, குள்ளமான, மெல்லக் குரலெடுத்துப் பேசும் ஒரு மனிதர். காஷ்மீருக்குள் ஆட்களை ஊடுருவவிட்டால் நாடு நடுங்கும் என்று கணக்குப் போட்டவர் பீல்டு மார்ஷல். கணக்குப் பிழைத்தது. வேட்டிக்காரர் தளபதிகளைக் கலந்தார், முடிவெடுத்தார், முடிவுக்குப் பொறுப்பும் ஏற்றார். பதக்கம் தாங்கிய மார்பு போட்ட தப்புக் கணக்கை, பதக்கமில்லாத மார்பு திருத்தியது!

1971ஐ நினைத்துப் பாருங்கள். அங்கே ஜெனரல் யாகியாகான். இங்கே இந்திரா காந்தி, ஒரு பெண். ஏப்ரலிலேயே படை நடத்தலாமா என்ற பேச்சு வந்தபோது, மழைக்காலம் வருகிறது, படைக்கு ஆயத்தம் வேண்டும் என்றார் தளபதி மானெக்‌ஷா. பிரதமர் பொறுத்தார். டிசம்பர் 16ஆம் நாள் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. சிறைப்பட்டோர் ஏறத்தாழ 93,000 பேர். தலைவருக்கு வேண்டியது துப்பாக்கி பிடித்த கை என்பதைவிட, துப்பாக்கி பிடித்தவன் சொல்வதைக் கேட்கும் காது என்பதல்லவா இதன் பாடம்?

"1962ஐ ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று கேட்பீர்கள். விடவில்லை. சீனப் படை இறங்கியபோது நம் வீரர்கள் போதிய கம்பளியில்லாமல் பனியில் நின்றார்கள். அப்போது நம் கழகம் பிரிவினைக் கோரிக்கையை ஒதுக்கி வைத்து நாட்டின் பக்கம் நின்றது. பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் பதவியை இழந்தார். அவரும் படையில் இருந்தவரல்லர். ஆனால் வடகிழக்கில் படையை நடத்திய தளபதி கவுல் யார்? சீருடைக்காரர்தானே! போர்முனையில் படை நடத்திய பழக்கம் போதாதவர், மேலிடத்துச் செல்வாக்கால் ஏறியவர் என்று அவர்மீது குற்றம் சொல்லப்பட்டது. ஆக, சீருடையும் காப்பாற்றவில்லை. கேட்க வேண்டியவர்கள் கேளாததும், கேட்கப் பிடித்ததை மட்டும் சொல்பவர்கள் அருகில் இருந்ததும் வீழ்த்தின.

கடலுக்கு அப்பால் கண்ணீரோடு பார்ப்போம். இலங்கையில் கோத்தபய ராஜபக்ச படையில் லெப்டினன்ட் கர்னலாக இருந்தவர். 2009இல் முள்ளிவாய்க்காலில் தமிழர் குவியல் குவியலாக மாண்டபோது பாதுகாப்புச் செயலாளர் அவர்தான். 2019இல் அதிபரானார். மூன்றே ஆண்டுகள்! எரிபொருளுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்று சலித்த மக்கள், சிங்களவரும் சேர்ந்துதான், 2022 ஜூலையில் அவரை நாட்டைவிட்டே ஓடவைத்தார்கள். போரின் கொடுமையைக் கண்ணால் கண்டவன் கருணை கொள்வான் என்பது உறுதியா? கண்டும் கல்லாக இருந்தவர்களை வரலாறு நிறையவே காட்டுகிறது.

இனி, அப்படி ஒரு சட்டம் வந்தால் யார் உள்ளே, யார் வெளியே என்று பாருங்கள்.

முப்படையிலும் இருப்பவர் ஏறத்தாழ 14 லட்சம். நாட்டில் வாழ்பவர் 140 கோடிக்கு மேல். ஆயிரத்தில் ஒருவருக்குத் திறக்கும் கதவு மற்றவருக்கு மூடும். ஓய்வு பெற்றவர்களைச் சேர்த்தாலும் சிறு கூட்டந்தான். ஆள் எடுக்கும் மைதானத்தில் உயரம் ஒரு விரற்கடை குறைந்து திரும்பிய இளைஞன் வெளியே. பார்வை குறைந்தவன் வெளியே. பெண்கள் அநேகமாக எல்லோரும் வெளியே! மருத்துவம், செவிலியர் பணி நீங்கலாக, படையில் அதிகாரியாகப் பெண்களுக்குக் கதவு திறந்ததே 1992இல்தான். மன்றங்களில் மூன்றில் ஒரு பங்கு மகளிருக்கு என்று 2023இல் சட்டம் இயற்றிய கை, இன்னொரு சட்டத்தால் அதைப் பறிப்பதா?

தமிழனுக்கு இதில் பழைய காயம் ஒன்றும் உண்டு. வெள்ளையன் ஆட்சியில் தளபதி ராபர்ட்ஸ் போன்றோர் "போர்க்குணமுள்ள இனம்" என்று சிலரைப் பிரித்தார்கள்; சென்னைச் சிப்பாய் அதற்கு உதவான் என்றார்கள். சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. இரண்டாம் உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்டபோதுதான் சென்னை ரெஜிமென்ட் மறுபடி எழுந்தது. பட்டாளச் சீட்டு இருந்தால்தான் தலைமை என்றிருந்தால், ஒரு தலைமுறைத் தமிழன் தலைமைக்கே தகுதியற்றவன் ஆகியிருப்பான். 1920இல் சென்னை மாகாணத்தில் வாக்குரிமையும் அப்படித்தான் இருந்தது: வரி கட்டியவனுக்கு உண்டு, பட்டாளத்தில் இருந்து வந்தவனுக்கு உண்டு, உழுதவனுக்கும் துவைத்தவனுக்கும் இல்லை. அந்த வேலியைப் பிடுங்கி எறியத்தானே நம் முன்னோர் பாடுபட்டார்கள்?

வீரம் பட்டாளத்துக்கு மட்டும் சொந்தமா? இந்தச் சாத்தூர்ப் பக்கத்தில் அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12ஆம் நாள் பட்டாசு ஆலை வெடித்தது. மாண்டவர் இருபது பேருக்கு மேல். மறுநாள் பக்கத்து ஊர்களில் மருந்துக் கலவையில் கைவைக்கப் பெண்கள் போகாமலா இருந்தார்கள்? சாவின் பக்கத்தில் உட்கார்ந்து சம்பாதித்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் அந்தத் தாய்க்கு, நாட்டை நடத்தத் துணிவு போதாது என்று சொல்ல எவருக்கு நா எழும்?

"சிங்கப்பூரில் இருக்கிறதே" என்பார்கள். அங்கே 1967 முதல் ஆண்மக்கள் அனைவருக்கும் படைப்பணி. தமிழ் இளைஞர்களும் போகிறார்கள். அது எல்லோருக்கும் உள்ள கடமை. தலைவருக்கென்று தனியாகப் போட்ட வேலியன்று. சிறிய தீவு நாட்டின் ஏற்பாடு 140 கோடி மக்களுக்குப் பொருந்துமா என்பது வேறு வழக்கு.

அப்படியானால் தேநீர்க் கடைத் தோழரின் கோபத்துக்கு விடை என்ன? மூன்றைக் கேட்போம்.

ஒன்று: கணக்குச் சொல். கார்கில் போரை ஆராய்ந்த குழுவின் அறிக்கை 2000இல் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. 1962 தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை எந்த அரசும் இன்றுவரை முறையாக வெளியிடவில்லை. மாண்ட வீரனின் பேரன் கிழவனாகும்வரை மறைப்பதற்கு அதில் என்ன இரகசியம்?

இரண்டு: கூலியைக் கொடு. ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் கேட்டு முதிய வீரர்கள் 2015இல் டில்லித் தெருவில் உட்கார வேண்டியிருந்தது. 2022இல் அறிவித்த அக்னிபாத் திட்டமோ நான்காண்டுப் பணி என்றது. நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிலைப்பார்கள் என்றது. மற்றவர்க்கு ஒரு தொகை, ஓய்வூதியம் இல்லை என்றது. இருபத்தைந்து வயதுக்குள் "முன்னாள் வீரன்" ஆகிவிட்ட பிள்ளை எந்த ஆலை வாசலில் நிற்பான்?

மூன்று: வாக்குக் கேட்டு வருபவனிடம் கேள். நீ பட்டாளத்தில் இருந்தாயா என்று கேட்பதைவிட, போர் என்று கைதூக்கும் முன் யாரைக் கலப்பாய், பிழைத்தால் பதவி விலகுவாயா என்று கேள்.

1967இல் விருதுநகரில் காமராசரையே ஒரு மாணவத் தலைவர் வென்றார். இருவருமே பட்டாளம் காணாதவர்கள். தீர்ப்பளித்தது வாக்குச் சீட்டு. தலைவனை ஏற்றவும் இறக்கவும் அந்தச் சீட்டுப் போதும். பட்டாளச் சீட்டு வேண்டாம்.

அடுத்த முறை சாத்தூர் வரும்போது அந்தப் பெஞ்சுக்குப் போவோம். அவர் இந்த ஏட்டைப் படித்திருப்பார். "சரி அண்ணாச்சி, எம் மவன் நாலு வருசம் முடிச்சிட்டு வருவான், அவனுக்கு என்ன சொல்லுதீக?" என்று கேட்பார். பதவியில் இருப்பவர்கள் சொல்ல வேண்டிய பதில் அது. சொல்ல வைக்க வேண்டியது, தோழர்களே, நம் வேலை.