முன்னால் நிற்கிறவனே, முகவரியில் கை வைக்காதே!

வெளியூர் நண்பர்கள் தக்கலைக்கு வந்தால் நான் முதலில் கூட்டிக்கொண்டு போவது பத்மநாபபுரம் அரண்மனைக்குத்தான். வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி. "1956 நவம்பர் 1-ஆம் தேதியே கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தாச்சே, இங்கே எதுக்குக் கேரள அரசு டிக்கெட் கொடுக்குது?" மண் தமிழ்நாட்டுடையது, அரண்மனை நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையுடையது, அவ்வளவுதான். தக்கலையில் பஸ் இறங்கி நடந்து வருகிறவருக்கு இது தெரியவேண்டிய அவசியமே இல்லை. கேட்ட இடத்துக்கு வந்தார், பார்த்தார், போனார்.

வெப் சர்வருக்குப் பின்னால் அப்ளிகேஷன் சர்வரை உட்கார வைப்பதும் இதே கதைதான். வாசலில் அப்பாச்சியோ என்ஜின்எக்ஸோ நிற்கும். உள்ளே டாம்கேட்டோ ஜாங்கோவோ வேலை பார்க்கும். வாசலில் நிற்கிறவன் வருகிற கோரிக்கையை வாங்கி உள்ளே கொடுக்கவேண்டும். ஆனால் நம்மாட்கள் அவனை அத்தோடு விடுவதில்லை. போகிற வழியில் முகவரியையும் கொஞ்சம் திருத்திவிடு என்கிறார்கள். அவர்களைத் திட்டத்தான் இதை எழுதுகிறேன். (மக்கா, நீயும் அதில் உண்டு. கோபப்படாமல் படி :-))

எங்கள் ப்ராஜெக்ட் கதையைச் சொல்லிவிடுகிறேன். மாவட்டத்து ஊர்ப்பெயர்களுக்கு ஒரு தளம். ஒவ்வொரு ஊருக்கும் தமிழிலேயே முகவரி: /ஊர்கள்/தக்கலை, /ஊர்கள்/திருவட்டாறு என்று. என் லேப்டாப்பில் ஜம்மென்று ஓடியது. ரிவ்யூவுக்காக ஒரு பொது சர்வரில் ஏற்றினோம். அதே சர்வரில் இன்னொரு குழுவின் லைப்ரரி ஆப் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. ரிவ்யூ அன்று லாக்-இன் பட்டனை அழுத்தினால் வந்து நின்றது லைப்ரரி ஆப்பின் லாக்-இன் பக்கம்! பதற்றத்தில் என் கூட்டாளி அதைக் கவனிக்கவே இல்லை. எங்கள் பாஸ்வேர்டை அங்கே போட்டான். "தவறான பாஸ்வேர்ட்." மறுபடி போட்டான். மறுபடி தவறு. தேர்வாளர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

காரணம் ஒரே ஒரு ஸ்லாஷ். என்ஜின்எக்ஸில் உள்ளே இருக்கும் சர்வரின் முகவரியை எழுதும்போது கடைசியில் ஒரு / வைத்தால் அர்த்தமே மாறிவிடும். வைக்காவிட்டால், உலாவி அனுப்பிய பாதை அனுப்பியபடியே உள்ளே போகும். வைத்தால், பாதையைப் பிரித்து, சுத்தம் செய்து, முன்பகுதியை வெட்டி, மிச்சத்தை உள்ளே அனுப்பும். எங்கிருந்தோ காப்பி அடித்த கன்ஃபிக்கில் அந்த ஸ்லாஷ் இருந்தது. அதனால் /ஊர்கள்/ வாசலிலேயே வெட்டுப்பட்டது. உள்ளே இருந்த எங்கள் ஆப், தான் குடியிருப்பது / என்ற வேர் முகவரியில்தான் என்று நம்பி, லாக்-இன்னுக்கு அந்த வேரிலிருந்தே வழி சொன்னது. அந்த வேரில் குடியிருந்ததோ லைப்ரரி ஆப்!

தபால்காரர் உறையில் 'கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்' என்பதை அடித்துவிட்டு, "உள்ளூர்தானே, வீட்டுப் பெயர் போதும்" என்று கொடுத்தால் எப்படி இருக்கும்? கடிதம் வந்துவிடும். ஆனால் வாங்கியவர் பதில் போடும்போது அனுப்புநர் இடத்தில் வெறும் வீட்டுப் பெயரை மட்டும் எழுதினால் அடுத்த கடிதம் எங்கே போய்ச் சேரும்?

இதற்கு எதிர்க்கட்சி வாதம் ஒன்று உண்டு, அதுவும் கேட்க நன்றாகத்தான் இருக்கும். "ஆப் எங்கே தொங்குகிறது என்று ஆப்புக்கு எதற்குத் தெரியவேண்டும்? திரும்பி வரும் பதிலையும் வாசலிலேயே திருத்திக்கொள்ளலாமே?" சரி, திருத்திப் பாருங்கள். அப்பாச்சியில் அதற்கென்று இருக்கும் ப்ராக்ஸிபாஸ்ரிவர்ஸ் திருத்துவது பதிலின் சில தலைப்பு வரிகளை மட்டும். பக்கத்துக்குள் இருக்கும் இணைப்புகளைத் தொடாது. குக்கியின் பாதைக்கு வேறொரு கட்டளை. பக்கத்தைத் திருத்த இன்னொரு மாட்யூல். ஆப் அனுப்பும் மின்னஞ்சலுக்குள் இருக்கிற முகவரியை யார் திருத்துவார்கள்? ஒரு பொய்யை மறைக்க நாலு பொய்.

வெட்டிய துண்டு எது என்று உள்ளே சொல்லி அனுப்பவாவது ஒழுங்கான வழி உண்டா? பழைய சிஜிஐ இந்த விஷயத்தில் நம்மைவிடப் புத்திசாலி. 'ஸ்கிரிப்ட் நேம்' என்றும் 'பாத் இன்ஃபோ' என்றும் இரண்டாகப் பிரித்து, நீ குடியிருக்கும் இடம் இது, கேட்டது இது என்று ஆப்புக்குச் சொல்லிவிடும். 2014-இல் வந்த ஆர்எஃப்சி 7239 ப்ராக்ஸிகளுக்கென்றே 'ஃபார்வர்டட்' தலைப்பை வரையறுத்தது. யாருக்காக, யார் வழியாக, எந்த ஹோஸ்ட், எந்த நெறிமுறை என்று நாலு விஷயம் அதில் உண்டு. வெட்டிய பாதைக்கு இடமில்லை! ஆளாளுக்கு ஒரு தலைப்பை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள்.

தமிழில் முகவரி வைக்கிற நமக்கு இதில் இன்னொரு தலைவலி. 'தக்கலை' என்பது யூனிகோடில் 6 குறிகள், யூடிஎஃப்-8 வடிவில் 18 பைட்டுகள். சதவீதக் குறியாக்கம் செய்தால் 54 எழுத்துகள். இடையில் எவனாவது அதையே மறுபடி குறியாக்கம் செய்துவிட்டால் ஒவ்வொரு % குறியும் மூன்று எழுத்தாகி மொத்தம் 90. உள்ளே போகிற பெயர் எந்த ஊருக்கும் சொந்தமில்லை. ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதிச் சோதித்துப் பார்க்கிறவர்களுக்கு இது கண்ணிலேயே படாது. "எங்களுக்கு ஓடுதே" என்பார்கள். ஓடும்தான்.

ஸ்லாஷும் குறியாக்கம் செய்த ஸ்லாஷும், அதாவது %2எஃப், ஒன்றல்ல என்று 2005-இல் வந்த ஆர்எஃப்சி 3986 சொல்லிவிட்டது. 'சுத்தம்' செய்கிற ப்ராக்ஸி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். (நியாயமாகச் சொன்னால் இதில் வாசல்காரன் மட்டும் குற்றவாளி இல்லை. சிஜிஐ வழி வந்த பாத் இன்ஃபோவும் பிரித்துத்தான் கொடுக்கும். அதனால் ஸ்லாஷ் உள்ள பெயர்களுக்கு நாங்கள் எண் வைத்துவிட்டோம்.)

பாஸ்வேர்ட் தவறு என்று வந்ததோடு போனதே என்று எங்களை ஆறுதல்படுத்திக்கொள்ளலாம். 2020 ஜூலையில் எஃப்5 நிறுவனத்தின் பிக்-ஐபி கருவிகளுக்கு நடந்தது அப்படியில்லை. வாசலில் அப்பாச்சி, உள்ளே டாம்கேட். லாக்-இன் பக்கத்தின் பெயரோடு /..;/ என்று சேர்த்து ஒரு பாதை. அப்பாச்சிக்கு "..;" என்பது ஏதோ ஒரு சாதாரணப் பெயர். லாக்-இன் பக்கம்தானே என்று உள்ளே விட்டது. டாம்கேட்டோ அரைப்புள்ளியைக் கழற்றிவிட்டு, 'ஒரு படி மேலே போ' என்று புரிந்துகொண்டது. பாஸ்வேர்டே இல்லாமல் கருவி முழுவதும் அடுத்தவன் கையில்! அபாய மதிப்பெண் 10-க்கு 10. இரண்டு பேர் ஒரே பாதையை இரண்டு விதமாகப் படித்தால் என்னவெல்லாம் ஆகும் என்று ஆரஞ்சு சாய் 2018-லேயே ப்ளாக் ஹேட் மாநாட்டில் விளக்கியிருந்தார். 2021 அக்டோபரில் அப்பாச்சியே பாதையைச் சுத்தம் செய்வதில் வழுக்கி விழுந்தது. 2.4.49-இல் ஓட்டை, 2.4.50-இல் போட்ட ஒட்டு போதவில்லை, சில நாளில் 2.4.51. அவர்களுக்கே இந்தக் கதி என்றால் காப்பி அடித்த கன்ஃபிக்கை வைத்திருக்கும் நாம் எம்மாத்திரம்?

"அப்படியே உள்ளே விட்டால்தானே எஃப்5-க்கு நடந்தது நமக்கும் நடக்கும்" என்று ஒரு புத்திசாலி கேட்பான். நல்ல கேள்வி. யாரை விடுவது, யாரை விடக்கூடாது என்பதை உள்ளே இருக்கிற ஆப் முடிவு செய்யட்டும். பாதை சந்தேகமாக இருந்தால் வாசல்காரன் 400 என்று திருப்பி அனுப்பட்டும். கொடு, இல்லாவிட்டால் திருப்பு. திருத்தாதே. முன்பகுதி தொல்லையே வேண்டாம் என்றால் ஆப்புக்குத் தனி ஹோஸ்ட் பெயர் கொடுத்துவிடு, வெட்டவும் ஒட்டவும் எதுவும் இருக்காது.

எங்களுக்குத் தனிப் பெயர் கிடைக்கவில்லை. கன்ஃபிக்கில் ஸ்லாஷை எடுத்தோம். ஜாங்கோவின் முகவரிப் பட்டியலிலேயே 'ஊர்கள்' என்று எழுதினோம். லைப்ரரி ஆப்பும் ஜாங்கோதான், இரண்டுக்கும் குக்கியின் பெயர் ஒன்றே என்பதால் குக்கியின் பாதையையும் மாற்றினோம். அடுத்த வாரம் மறு ரிவ்யூ. லாக்-இன் அழுத்தினால் எங்கள் பக்கம்தான் வருகிறது, பத்து தடவை பார்த்துவிட்டேன்.

லைப்ரரிக்காரர்களின் கன்ஃபிக்கில் அந்த ஸ்லாஷ் இன்னும் இருக்கிறது. சொன்னால், "ஓடுதுல்லா மக்கா, பின்ன என்ன?" என்கிறார்கள்.