உலாவ ஓரிடம் வேண்டும்

நார்வே நாட்டின் மேலைக் கடற்கரையிலே பெர்கன் என்றொரு நகருளது. ஏழு மலைகள் அதனைச் சூழ்ந்து நிற்பனவென்பர். ஆண்டில் இருநூறு நாட்களுக்கு மேல் அங்கு மழை பெய்யும். ஆயினும் அந்நகரத்தார் மழையை ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. ஓய்வுநாள் வந்ததும் மலையேறப் புறப்பட்டு விடுவர். ஏறமாட்டாதார்க்கும் ஃப்ளோயன் மலையுச்சியைக் காட்ட 1918 முதல் இழுவை ரயில் ஓடுகின்றது. பயிரிடாத நிலம் எவருடையதாயினும், ஊறு செய்யாது அதனூடே நடந்து செல்லுதல் யாவர்க்கும் உரியதென 1957இல் அந்நாட்டார் சட்டமே இயற்றினர். அம்மலைகளின் எழிலினும் இச்சட்டமே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

இனி, நமக்கு அண்மையிலுள்ள ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியை நோக்குவோம். தொழிற்சாலைகளையன்றி அங்குக் காண்டற்கு யாதுளது என்பார் நம்முட் பலர். இஃது அறியாமை. இராமாநுசர் 1017இல் தோன்றிய ஊர் அது. சற்றுக் கிழக்கே மணிமங்கலம்; நரசிம்மவர்ம பல்லவன் சளுக்கியப் புலிகேசியைப் புறங்கண்ட களங்களுள் ஒன்றென அதனைக் கூரம் செப்பேடு குறிக்கின்றது. தேர்வுக்காக வாதாபிப் போரை நெட்டுருச் செய்யும் நம் மாணவருள் மணிமங்கலத்துக்குப் பேருந்து ஏறினார் எத்துணைப் பேர்? ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022இல் நிகழ்ந்த அகழாய்விலே கற்காலக் கருவிகள் வெளிப்பட்டன. இன்று மோட்டார் வண்டி செய்யும் மண்ணிலே அன்றும் கருவி செய்தனர் போலும்! செம்பரம்பாக்கம் ஏரியோ கார்காலத்திற் கடலென விரிந்து கிடக்கும்.

இவையெல்லாம் இருந்தும், அங்கு உழைப்பார்க்கு இவற்றாற் பயன் யாது? வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்குதற்கேற்ற மாடங்கள் 2024 ஆகஸ்டிலே திறக்கப்பெற்றன. நற்செயலே, மறுப்பாரில்லை. அப்பெண்களுட் பலர் எம் வயதினர். பெற்றோரைப் பிரிந்து தொலைவூர்களினின்று வந்தவர். உறங்க இடம் கிடைத்தது. விடுமுறைநாளின் மாலைப்பொழுதில் அவர் செல்லுமிடம் எது? அகன்ற சாலைகள் சரக்கு லாரிகளுக்கென அமைந்தவை. அவற்றின் ஓரத்தே நடப்பார் உயிரைக் கையிற் பிடித்தே நடத்தல் வேண்டும். மோட்டார்ப் பந்தயத்திற்கெனத் தனிப்பாதை இருங்காட்டுக்கோட்டையில் 1990இலேயே அமைந்துவிட்டது. நடப்பாரிடத்து அத்தகைய பரிவு காட்டினாரைக் காண்டல் அரிது.

ஏரி குடிநீர்க்கு உரியது, கூட்டம் சேரின் மாசுபடும் என்று சிலர் தடை கூறலாம். அத்தடை நேரியதே. படகும் சிற்றுண்டிச்சாலையும் யாம் கேட்டிலேம். ஊர்தோறும் உள்ள சிற்றேரிகளின் கரைகளைச் செப்பஞ்செய்து, நிழல்மரம் நட்டு, விளக்கும் இருக்கையும் இட்டாற் போதும். பெர்கன் நகரத்தார்க்கு மலை எத்தகையதோ, சமவெளியில் வாழும் நமக்கு ஏரிக்கரை அத்தகையது.

நாள்தோறும் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் பேருந்துகளுள் நான்கைந்தை விடுமுறைநாளில் மணிமங்கலத்துக்கும் ஏரிக்கரைகளுக்கும் ஆலைக்காரர் விட்டுப் பார்க்கட்டும். முதல் வாரத்திலேயே அவற்றில் நிற்கவும் இடமிராது.